வேக்காட்டுக்குள் காடு எப்படி வந்தது

லேத் பட்டறைக்காரர் கெட்டவரல்ல; வாய்தான் கொஞ்சம் நீளம். பட்டறையில் அளவு தப்பின போல்ட் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கடைந்தவன் யாராக இருந்தாலும் "அரைவேக்காடு!" என்றுவிடுவார். அந்தப் பட்டத்தை அதிகம் வாங்கியவன் அவருடைய மச்சினன். பெயின்ட் கடை வைத்தான், மூடினான். மீன் தொட்டி விற்றான். வாங்க ஆள் வருவதற்குள் மீன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் மாமா வாயில் அதே வார்த்தைதான்.

மழை நாளொன்றில் அவர் மனைவி மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டார்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவளுக்கு. திருத்த வேண்டிய தாள்களைக் கட்டிலுக்கே வரவழைத்துக்கொண்டாள். அடுப்பங்கரையை அப்படி வரவழைக்க முடியவில்லை.

"நான் பாத்துக்கறேன். இரும்பையே வெண்ணெய் மாதிரி சீவுறவன். அரிசி என்ன பெரிய அரிசி?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அக்காவைப் பார்க்க மச்சினன் பழங்களோடு வந்து சேர்ந்ததும் அன்றைக்குத்தான். மூவரும் கட்டிலைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாய் நறுக்கென்றது. உருளைக்கிழங்கு வெளியே குழைந்து, உள்ளே கல்லாக இருந்தது. மச்சினன் மென்றான், நிறுத்தினான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் பவ்யமாக.

"வேணாம்."

"அரைவேக்காடு!"

அக்காவுக்கு வந்த சிரிப்பில் மாவுக்கட்டுக் காலே ஆடியது. மாமாவுக்குக் காது சிவந்தது. மச்சினனைத் திட்ட வழியில்லாமல் வார்த்தையின் மேல் பாய்ந்தார்.

"அது என்னடா காடு? சோத்துக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? விறகு வெட்டப் போனவன் பாதியில திரும்பிட்டானா?"

"அது மரம் இருக்கிற காடு இல்லீங்க," என்றாள் மனைவி, கொண்டையில் பென்சிலைச் செருகியபடி. "வேகுறது வேக்காடு. நோகுறது நோக்காடு. சாகுறது சாக்காடு. அந்தக் காடு சும்மா வால் மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். போன மாசம் ஒரு அகராதிக்குப் பிழை பாத்தப்ப கவனிச்சேன்."

மாமா யோசித்தார். "அப்ப உனக்கு நோக்காடு, எனக்கு வேக்காடு."

"எனக்கு?" என்றான் மச்சினன்.

"இத முழுசா தின்னா உனக்குச் சாக்காடு."

அதற்குமேல் மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, சிரிப்புதான் வந்தது.

"பாதி வெந்திருக்குன்னுதானே அர்த்தம்? கொட்டணும்னு யார் சொன்னா? தண்ணி தெளிச்சு மூடி போட்டு, சின்னத் தீயில மறுபடி ஏத்துங்க," என்று விரட்டினாள் அவள்.

இரண்டு ஆண்களும் பானையோடு அடுப்புக்குப் போனார்கள். மாமா தண்ணீரைத் தாராளமாகச் சாய்க்கப் போக, மச்சினன் கையைப் பிடித்தான். "தெளிக்கணும் மாமா, குளிப்பாட்டக் கூடாது." நீராவியின் வாசனையை வைத்தே பதம் சொன்னான். இவனுக்கு இவ்வளவு மூக்கு உண்டென்று மாமாவுக்கு அன்றுவரை தெரியாது.

மூடி தடதடத்தது. அவர் தொண்டையைச் செருமினார். "ஏன்டா, நான் உன்னை அப்படிச் சொல்றப்ப எல்லாம், உனக்கும் இப்படித்தான் சுருக்குன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. ஆனா அக்கா சமையல் நல்லா இருந்துச்சே, வராம எப்படி இருக்கிறது?"

மாமா பொருக்கு விழுந்திருந்த அடிச்சோற்றை ஓசைப்படாமல் தன் தட்டில் போட்டுக்கொண்டு, மேலே மல்லிகைப்பூவாக மலர்ந்ததை அவனுக்குப் பரிமாறினார்.

மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை மச்சினன் தினமும் வந்தான். உப்புக்கும் காரத்துக்கும் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் சமைத்தார்கள். அவள் கோலூன்றி அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்த அன்று, "இடத்தை அடைக்காதே" என்று இருவருமாகச் சேர்ந்து வெளியே அனுப்பினார்கள்.

பிறகு மச்சினன் பட்டறைத் தெருமுனையில் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டான். அது மூடப்படவில்லை. கூட்டம் மொய்க்கிற நாளில், சாப்பிட வந்த மாமா எழுந்துபோய்க் கரண்டி பிடிப்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: "மாமா, உப்பை மட்டும் தொட்றாதீங்க!"