கல் நிறம்

என் மகளின் இடது கண்ணைக் கெடுத்தவன் நான். அவள் அம்மா தீட்டிய மைதான் காரணம் என்று தெருவே நம்புகிறது. நான் நம்பவிட்டேன்!

அரியலூரில் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறேன். அதிகம் படித்தவனில்லை. அபி இரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. வாடகை உடை எதற்கு, வீட்டிலேயே செய்யலாம் என்றேன். கீழப்பழுவூர்க் கோயிலில் இருக்குமே, கற்சிலை... அந்த வேடம். அட்டையில் கிரீடம் வெட்டினேன். மனைவி மலர் பழைய வேட்டியைக் கரித்தண்ணீரில் முக்கிச் சாம்பல் நிறமாக்கினாள். பிள்ளை கண்ணுக்கு மை தீட்டிவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

முகத்துக்கு விபூதி குழைத்தேன். வெள்ளையாகவே இருந்தது. கொல்லையில் பாதி மூட்டை சிமெண்ட் கிடந்தது. ஒரு பிடி அள்ளிக் கலந்து பூசினேன். அசல் கல்!

தினமும் என் மேலெல்லாம் படிகிற தூள்தானே? எனக்குத் தோல் மரத்துவிட்டது. அது பிள்ளைத் தோல் என்று ஏன் தோன்றவில்லை?

"எரியுதுப்பா."

"செல பேசுமா? அசையாம நில்லு. அசைஞ்சா பிரைஸ் கெடையாது."

நின்றாள். நல்ல வெயில். பூச்சு வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. கண்ணீர் கொட்டியது... கையைத் தூக்கவேயில்லை.

"ஏய், செல அழுவுது பாருடி!" என்று எவளோ சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

முதல் பரிசு. வீட்டுக்கு வந்து முகம் கழுவினோம். சாயங்காலம் கண் திறக்கவில்லை.

"கண்ணுல என்ன போட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"மைதாங்க... நாந்தான் வெச்சேன்" என்று மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற எதாச்சும்?" என்று என்னைப் பார்த்தார்.

"விபூதிங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேறு என்ன... அப்போதே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமோ? யாரிடம் போய்க் கேட்பது?

என் அக்கா வரும்போதெல்லாம், "பெத்த புள்ள கண்ணையே அவிச்சிட்டியேடி" என்பாள். "ஆமாம் அண்ணி, நாந்தானே" என்பாள் மலர். நான் குனிந்து சோறு தின்பேன்.

அபி இப்போது ஐந்தாவது. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே வந்து நிற்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. நேற்றும் நின்றாள். "முன்னல்லாம் ஒன் மீசை தெரியும்ப்பா. இப்ப யாரோ நிக்கிற மாரி இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அவள் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை திருச்சியில் பெரிய டாக்டர். "மொதல்லேருந்து எல்லாத்தயும் கேப்பாராம். நீங்களும் வாங்க, எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு" என்கிறாள் மலர்.

தலையாட்டிவிட்டேன். அங்கேயும் இதே பொய்தான் வாயில் வருமோ...? உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.