சின்னம்மா மீன் குழம்பு கற்றுக்கொண்ட கோடை

எங்கள் வீட்டு மீன் சட்டியிலிருந்து ஒரு கோடையின் முதல் நாட்களில் சாதிக்காய் வாசனை வந்தது. மீனும் சாதிக்காயும் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்று கேட்டால், மழையில் நனைந்த நாயின்மேல் யாரோ சந்தனம் பூசிவிட்டதைப் போல இருக்கும் என்றுதான் என்னால் சொல்ல முடியும். பிறகு எத்தனையோ கப்பல்களில், எத்தனையோ துறைகளில் அடுப்புக்கு முன்னால் நின்று பிழைத்துவிட்டேன். அப்படி ஒரு வாசனையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரரின், அதாவது டச்சுக்காரரின், கோட்டை இடிந்து கல்லும் காரையுமாகக் கிடந்த காலம் அது. கோட்டை போனாலும் அவர்கள் போய்விடவில்லை. ஊருக்குள் சில பெரிய வீடுகளில், ஜன்னல்களுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டு, கப்பல் வருமா என்று பார்த்தபடி இருந்தார்கள். எங்கள் குப்பம் ஊருக்கு எதிரே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல் திட்டில் இருந்தது. முந்தின மழைக்காலத்தில் அம்மா வாந்திபேதியில் போய்விட்டாள். அதற்குப் பின் நைனாவும் நானும் கஞ்சியும் சுட்ட கருவாடுமாகவே நாளை ஓட்டினோம். நைனா உலாந்தா வீடு ஒன்றின் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பவர். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தியை ஒருநாள் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இனிமே இவதான்" என்று மட்டும் சொன்னார். நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

சின்னம்மா பால்பல் விழாத வயதில் அந்த வீட்டுக்குப் போனவள். ஒரு பஞ்சத்தில் அவளைப் பெற்றவர்கள் அந்த வீட்டின் பின்வாசலில் அவளை விட்டுவிட்டு அரிசி வாங்கிக்கொண்டு போனார்களாம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை. இதை அவள் நேற்று அடித்த காற்றைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். ரொட்டி அடுப்பைச் சூடு பார்த்து மூடுவது, வாத்தை முழுசாக வாட்டுவது, வெண்ணெய் கடைந்து உப்பிட்டு வைப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்களைப் போலவே கறுத்து, எங்கள் பேச்சையே பேசினாலும், மேசையில் மிஞ்சியதையே தின்று வளர்ந்த அவளுக்குப் புளி கரைக்கத் தெரியாது. குப்பத்துக்கு இது பெரிய அதிசயம்.

முதல் நாள் நைனா கொண்டுவந்த மடவை மீன்களின் தலைகளை வெட்டிக் காக்கைக்குப் போட்டுவிட்டு, தோலை உரித்து, நெய்யில் புரட்டி, சாதிக்காயைத் துருவிப் போட்டுச் சட்டியை இறக்கினாள். நைனா அகப்பையை விட்டு அடிவரை துழாவினார்.

"தல எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"தலய தூக்கிப் போட்டுட்டு அப்பறம் இன்னாத்துக்குக் கொயம்பு?"

அவ்வளவுதான், பிறகு சாப்பிட்டு முடித்தார். ஆனால் எல்லாம் ஓலைத் தடுப்புதானே, பக்கத்து வீட்டுக் கங்கம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "உலாந்தா வூட்ல மீனுக்குத் தலயே மொளைக்காதா?" என்று அவள் கேட்டது அன்று மாலைக்குள் குப்பம் முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து சின்னம்மாவுக்கு "உலாந்தாக்காரி" என்றே பெயர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருக்கும், "பாடு" என்ற ஒன்று இல்லாவிட்டால். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முறை வைத்து, இந்த நாள் இந்த வீட்டுக்கு என்று விடுவார்கள், அதுதான் பாடு. யார் வீட்டுப் பாடோ அவர்கள் வீட்டில்தான் வலை இழுத்த அத்தனை பேரும் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அந்த வீட்டோடு கூட்டு இல்லை என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டு வலையை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் பாடு மாங்காய் முற்றுகிற சமயத்தில் வர இருந்தது. எங்கள் வலைக்காரர்களுக்குப் பெரியவர் முனியன். அவர் நைனாவிடம், எங்கேயோ என்னென்னவோ தின்று வளர்ந்த கையால் போடுவதைத் தன் ஆட்கள் சாப்பிடுவார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் உலாந்தா வீட்டுத் துரைசானியும், தாங்கள் கோடை முடிந்ததும் ஜாவாவிலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறப்போவதாகவும், சின்னம்மாவுக்குக் குப்பம் ஒத்துவராவிட்டால் கூடவே வந்துவிடலாம் என்றும் ஆள் அனுப்பியிருந்தாள். நைனா யோசித்துவிட்டு, "பாடு அன்னிக்கு ஜனங்க சாப்ட்டா இருக்கட்டும். இல்லன்னா கப்பல் ஏறிக்கட்டும்" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. வலையை இழந்தால் மூன்று பேரும் பட்டினி என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று கத்தாழை நாரை உரித்துக்கொண்டே சின்னம்மா என்னிடம் சொன்னாள்: "அந்த வூட்லேர்ந்து கப்பல் ஏறிப் போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

சொல்லிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே நானும் அவளும் மீன் குழம்பை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் குழம்பு நாக்கில் எப்படி இருந்தது என்பது மட்டுமே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்பை எப்படி ஆள்வது என்பது மட்டுமே. நடுவில் இருந்ததை நான் வேவு பார்த்து வந்தேன். கங்கம்மா வீட்டுத் தடுப்புக்குப் பின்னால் வலைக் குவியலில் படுத்துக்கொண்டு, அம்மி எவ்வளவு நேரம் ஓடுகிறது, மிளகாய் நெடி முன்னால் வருகிறதா வெந்தயம் முன்னால் வருகிறதா, மீன் விழும்போது சட்டி சீறுகிறதா சும்மா இருக்கிறதா என்று கேட்டும் மோந்தும் வந்து சொல்வேன். கெளுத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் வழுவழுப்பு போகும் என்பதையும், புளி கொதித்து ஓய்ந்த பிறகே மீனைப் போட வேண்டும், போட்ட பின் அகப்பையே விடக்கூடாது, சட்டியைத்தான் பிடித்து அசைக்க வேண்டும் என்பதையும் இப்படித்தான் கற்றோம். வெந்தயத்தைக் கருக்கிவிட்டுக் கஷாயம் போலக் குடித்த நாட்களும் உண்டு. மீன் வேகும் முன் ஒரு துண்டு மாங்காய் போட்டுப் பார்க்கலாமே என்று அவளுக்கே தோன்றிய அன்றுதான் என் நாக்கு அம்மாவை நினைத்துக்கொண்டது. இன்னொரு வாய் சோறு கேட்டேன். அவள் அன்றைக்கே எல்லாவற்றையும் அளந்து வைத்துக்கொண்டாள். உலாந்தா சமையற்கட்டில் கையளவு என்று எதுவும் கிடையாதாம். உப்புக்கு ஒரு மட்டிச் சிப்பியை எடுத்து, தலைதட்டி ஒரு சிப்பி என்று வைத்தாள்.

தண்ணீருக்குத்தான் சிரமம். குப்பத்தின் ஊற்று பனைமரங்களுக்கு அடியில் மேட்டில் இருந்தது. அதில் அவள் குடத்தை விடக்கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குக் கீழே, ஏரியோரம் மணலைத் தோண்டி எங்களுக்கென்று ஓர் ஊற்று வைத்துக்கொண்டோம். கொஞ்சம் கரித்தாலும் குடிக்க முடிந்தது. உப்புக்கு வைத்த சிப்பி அளவும் அந்தத் தண்ணீரின் கரிப்பை வைத்தே அமைந்திருந்தது.

வேவு பார்த்ததில் ஒன்றை மட்டும் நான் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. கங்கம்மா சட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடு அன்று நைனாவின் ஆட்கள் விடியலிலேயே மேற்குக் கரைப் பக்கம் போய் வலை இழுத்துவிட்டு உச்சிவேளைக்குத் திரும்பினார்கள். தையல் இலை போட்டு உட்காரவைத்து, ஆட்களுக்கு முன் வாயில் வைக்கக்கூடாதென்று ருசிகூடப் பார்க்காமல் சின்னம்மா பரிமாறினாள். முனியன் முதல் வாய் வைத்தார். மற்றவர்கள் அவர் இரண்டாவது வாய் வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கையைச் சோற்றிலேயே வைத்திருந்தார்கள். அவர் மென்றார், விழுங்கினார், கையை இலையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் சட்டியில் விரலை விட்டு நக்கினேன். உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "கடலயே மொண்டு காச்சிட்டாளாடி?" என்று கங்கம்மா யாரையோ கேட்டாள். நைனா தரையைப் பார்த்தார்.

சின்னம்மா மட்டிச் சிப்பியை எடுத்துப் பார்த்தாள். அதே சிப்பிதான். பிறகு ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஊற்றுக்கு இறங்கினாள். குனிந்து ஒரு வாய் குடித்தாள். சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து முனியனின் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"உப்பு நான் ஏத்தலண்ணா. தண்ணி மாறிக்கீது. குடிச்சிப் பாருங்க."

முனியன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொம்பைத் தூக்கி வாயில் ஊற்றி, சுழற்றி, பக்கத்தில் துப்பினார். "எந்த ஊத்து?" என்று கேட்டார். ஏரியோரம் நாங்களே தோண்டியது என்று சொன்னாள். அவர் எழுந்து வாசலில் நின்று ஏரியைப் பார்த்தார். காலையிலிருந்தே தண்ணீர் கரையில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. தென்காற்று தள்ளிக்கொண்டு வந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"டேய், மொகம் தொறந்துக்கிச்சுடா" என்றார்.

கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி ஏரியின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். அந்த வருஷமும் அடைத்திருந்தது. அடைபட்டுவிட்டால் ஏரி வற்றும், இறால் இருக்காது, வலை வெறும் பாசியோடு வரும். மறுபடி எப்போது திறக்கும் என்பது கடலின் இஷ்டம். திறந்த அன்று அங்கே முதலில் வலை வைக்கிறவர்களுக்கு அந்தக் கோடை பிழைத்தது. கடல் உள்ளே புகுந்ததை, மேட்டிலிருந்த ஊற்றுக்கு முன்னால், தள்ளிவைக்கப்பட்டவளின் தாழ்ந்த ஊற்று சொல்லிவிட்டது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் வாசலைத் தாண்டியே போய்விட்டான். முனியன் மட்டும் திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "வாடா, துன்னுட்டுப் போலாம்" என்று அவனையும் கூப்பிட்டார். குழம்பின்மேல் நிறையக் கஞ்சித் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, மளமளவென்று உள்ளே தள்ளி, "இன்னும் ஒரு அகப்பை சோறு போடும்மா" என்றார். சின்னம்மா அவசரமாகப் போட்டதில் சோறு பாதி மணலில் விழுந்தது. நைனா கடைசியாகச் சாப்பிட்டார். சட்டியின் அடியிலிருந்து மடவைத் தலை ஒன்றை எடுத்து, தோணிக்கு நடந்துகொண்டே உறிஞ்சினார்.

துரைசானி கப்பல் ஏறிய அன்று சின்னம்மா கரைவரை போய்விட்டு, முந்தானையில் நான்கைந்து சாதிக்காய்களை முடிந்துகொண்டு வந்தாள். அவற்றை அவள் எதில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, மீனில் போடவில்லை. மேட்டு ஊற்றில் குடம் விடலாம் என்று பிறகு சொன்னார்கள். அவள் போகவில்லை. கோடை வந்தால் குப்பத்துப் பெண்கள்தான் காலையில் எங்கள் ஊற்றுக்கு இறங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். கங்கம்மாவும் வருவாள். "இன்னாடி சொல்லுது உன் ஊத்து?" என்பாள்.

மீசை அரும்பியதும் நான் கிளம்பிவிட்டேன். பாதிரியார் பள்ளியில் கற்ற பாதி எழுத்தும், அடுப்படியில் கற்ற முழுக் குழம்பும் எனக்குக் கப்பல்களில் சோறு போட்டன. எந்தத் துறையில் இறங்கினாலும் உப்பைத் தொடுமுன் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பேன். சின்னம்மா போய்விட்ட செய்தி, அவள் போய் இரண்டு மழைக்காலம் கழித்து, மலாக்காவில் கிடைத்தது.

சென்ற மாதம் பழவேற்காட்டுக்குப் போனேன். உலாந்தாக்காரரின் கொடியும் இல்லை, பச்சை ஜன்னல்களும் இல்லை. அவர்களுடைய கல்லறைகளின்மேல் ஆடுகள் படுத்திருந்தன. எங்கள் வீடிருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் உட்கார்ந்து கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. அள்ளிக் குடித்தேன், இலேசாகத்தான் கரித்தது.

பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்த ஓர் இளைஞனிடம், "மொகம் மூடிக்கீதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றவன், நான் வந்து இறங்கியதும் நேராக இங்கே உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததால், "உனுக்கெப்டி தெரியும்? யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டான்.

"உலாந்தாக்காரி வூட்டுப் புள்ள" என்றேன்.

அவன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஊசியை வலையில் குத்திவிட்டு எழுந்து வந்தான். குழிக்கு முன்னால் குந்தி, ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தான்.