கஸ்தூரி மறைத்தது இரண்டு பெயர்களை மட்டும்

நம் பள்ளியின் சிக் ரூமில் பத்தொன்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்த கஸ்தூரி, ஒரு மாணவிக்குக் கஞ்சாப் பழக்கம் இருப்பது தெரிந்தும் மறைத்தார், அதனால்தான் அவருக்கு வேலை போயிற்று என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் இறந்த அன்றே பழைய மாணவியரின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் அதை எழுதினார்கள். அவர்களில் ஒருத்தி, இறந்தவரைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாதுதான் என்று தொடங்கி, தவறாகவே பேசியிருந்தாள். அது உண்மையல்ல. நடந்தது இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் இப்போது இல்லை. மற்றவள், அப்போது தலைமை ஆசிரியையாக இருந்த நான்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நம் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மார்ட்டின் போன் செய்தார். "மதாம், நம்ம நர்ஸம்மா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோவுல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." வயது அறுபத்தொன்று. வைத்திக்குப்பத்தில் இருக்கும் அவர் வீடு என் வீட்டிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். இத்தனை ஆண்டு உடன் பணிபுரிந்தும் அந்தத் தெருவுக்குள் நான் போனது அன்றுதான் முதல் முறை. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டுத்தான் போனேன்.

சிக் ரூமுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் கஸ்தூரி கேட்கும் முதல் கேள்வி, "காலையில இன்னா சாப்ட்ட?" என்பதுதான். வயிற்று வலி என்று வந்தவளுக்கும் அதே கேள்வி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தவளுக்கும் அதே கேள்வி. சாப்பிடவில்லை என்றால் தன் டிபன் பாக்ஸிலிருந்து இட்லி கொடுப்பார். அது விதிக்குப் புறம்பு என்று நான் இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, மறுநாளும் இட்லி கொடுத்தார். தேர்வு நாட்களில் யார் யார் நடிக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார். "கணக்குன்னா வயித்து வலி வரும் மதாம், சயின்ஸ்னா தலைவலி. பிரெஞ்சுக்கு மட்டும் நெஜமாவே காய்ச்சல் அடிக்குது." மேல் வகுப்புகளுக்குப் பிரெஞ்சு எடுத்தவள் நான். அவர் அதை மறந்து சொல்லவில்லை.

என் கணவர் இறந்த ஒன்பதாம் நாள் பள்ளிக்குத் திரும்பினேன். ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கஸ்தூரி பதினொரு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்து, என் கையை எடுத்து மேசை மேல் வைத்தார். மூன்று மாதம் தினமும் வந்தார். என் அளவையும் சிக் ரூம் நோட்டில் எழுதினார். தலைமை ஆசிரியையின் உடல்நிலை மாணவியர் நோட்டில் எதற்கு என்று கேட்டேன். "பாத்தத எழுதலன்னா பாக்காத மாதிரி ஆயிடும் மதாம்" என்றார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள், மதிய உணவு மணி அடித்ததும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் சொல்லாமலே உட்கார்ந்தார். பிளஸ் ஒன் மாணவியர் மூன்று பேர் கஞ்சா பிடிக்கிறார்கள் என்றார். கண் சிவந்து வருகிறார்கள், பத்து மணிக்கே அகோரப் பசி, கட்டிலில் படுத்தால் எழுப்ப முடியவில்லை, தலைமுடியில் அந்த வாடை. கடற்கரையில் படகு மறைவில் உட்காரும் பையன்களிடமிருந்து அந்த வாடை அவருக்குப் பழக்கம். மூவரில் ஒருத்தி அவரிடம் அழுது ஒப்புக்கொண்டும் விட்டாள். டியூஷன் விட்டு வரும் வழியில் ஸ்கூட்டரில் வரும் ஒருவன் கொடுக்கிறானாம். அதைப் பிடித்தால் தேர்வு பயம் போய்விடுகிறதாம்.

யார் அந்த மூவர் என்று கேட்டேன்.

"பேரு கேக்காதீங்க மதாம். கேட்டா இன்னைக்கே டி.சி. குடுத்துடுவீங்க. டி.சி. தரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே சொல்றேன். பெத்தவங்கள கூப்ட்டுப் பேசலாம். பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. அதை அப்படியே எழுதுகிறேன். "உங்க குப்பத்துல இதெல்லாம் இருக்கலாம் கஸ்தூரி. இது கான்வென்ட்."

அவர் கோபப்படவில்லை. "குப்பத்துல இருக்கறது எங்களுக்குத் தெரியும் மதாம். தெரியறதாலதான் தேடிப் போயி இழுத்துக்கிட்டு வர்றோம்" என்றார்.

நான் சிக் ரூம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பெயர் எழுதாமல், வகுப்பும் தேதியும் போட்டு, "கஞ்சா என்று சந்தேகம்" என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த மாதம் இன்ஸ்பெக்ஷன் இருந்தது. நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது, கண் எரிச்சல் என்று எழுதுங்கள் என்றேன். பிறகு ஸ்கேலை வைத்து, தையல் பிரியாமல், அந்தத் தாளை நானே கிழித்தேன். "நெஜமாவா மதாம்?" என்று ஒரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். என் எதிரிலேயே உட்கார்ந்து புதுப் பக்கத்தில் எழுதினார். அதன் பின் அந்த மாணவியர் வரும்போதெல்லாம் அதையே எழுதினார். நான் எந்த மருத்துவரையும் அழைக்கவில்லை. எந்தப் பெற்றோரையும் அழைக்கவில்லை. நம் பள்ளியில் அப்படி ஒன்று இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வின் மூன்றாம் நாள், அன்று அழுதவள் இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்து பின்பக்கமாக விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு பொட்டலம் இருந்தது. அவள் தந்தை லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் இருந்த அரசு ஊழியர். என் அறையில் நின்றுகொண்டே பேசினார். "ஐஞ்சு மாசமா எம் பொண்ணு உங்க சிக் ரூம்ல படுத்துக் கெடந்திருக்கா. ஒருத்தருக்குக்கூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" நிர்வாகம் நோட்டை எடுத்துப் பார்த்தது. அந்த மாணவியின் பெயருக்கு நேரே பதினொரு முறை, கஸ்தூரியின் கையெழுத்தில், கண் எரிச்சல். உண்மையிலேயே கண் எரிந்து வந்தவர்களின் பெயர்களும் அதே நோட்டில் நிறைய இருந்ததால், மற்ற இருவரைப் பிரித்தறிய முடியவில்லை. என்னிடம் அறிக்கை கேட்டார்கள். "மேற்படி பணியாளர் தமக்குத் தெரிந்திருந்ததைத் தலைமை ஆசிரியையின் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

விசாரணையில் கஸ்தூரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. கடைசி நாள் சிக் ரூம் சாவியை என் மேசையில் வைக்க வந்தபோது அவரே சொன்னார். "ஜூலைல சொன்னேன்னு நான் வாயத் தொறந்தா, மீதி ரெண்டு பேரு யாருன்னு கேப்பாங்க மதாம். அதுங்க ரெண்டும் வுட்டுடுச்சிங்க. படிக்கட்டும்." வாசல் வரை போய்த் திரும்பினார். "இந்தப் புள்ளைய மட்டும் கைவுட்டுடாதீங்க." அவளுடைய டி.சி.யில் நான் அதற்கு முந்தின நாளே கையெழுத்திட்டுவிட்டேன். காரணம் என்ற இடத்தில், பெற்றோர் விருப்பம் என்று தட்டச்சு செய்திருந்தது. அவர்கள் அப்போது மருத்துவமனையில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த மற்ற இருவர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நல்லபடியாகப் பள்ளியை முடித்திருப்பார்கள். இதைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களிலும் இருக்கலாம்.

நான் பணி ஓய்வு பெற்றபோது மேடை போட்டு, மாலை போட்டு அனுப்பினார்கள். கஸ்தூரி அரியாங்குப்பத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. மீதியை அன்று வைத்திக்குப்பத்தில், அந்த மாணவியே சொல்லித்தான் அறிந்தேன்.

அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. இடது காலை இழுத்து நடக்கிறாள். நான் உள்ளே போனபோது கஸ்தூரியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, வாசலில் ஏற்றி வைத்திருந்த படகுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டாள். கஸ்தூரி வாரம் ஒரு நாள் லாஸ்பேட்டைக்கு வந்தாராம். தந்தை கேட்டைத் திறக்கவில்லை. அவர் அலுவலகம் போன பிறகு தாய் திறந்துவிடுவாராம். கஸ்தூரிதான் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், வீட்டிலிருந்தே பிளஸ் டூ எழுத வைத்தார். கஞ்சாவை இரண்டு முறை விட்டு, இரண்டு முறை மறுபடி தொடங்கினாளாம். கடைசியாக விட்டு நான்கு ஆண்டு ஆகிறது. எல்லாவற்றையும் தலையைக் குனியாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"மதாம், ஒன்னு கேக்கணும். எங்கப்பா இன்னும் அவங்களத் திட்டுறாரு. அவங்க சொல்லியிருந்தா எனக்குக் கால் போயிருக்காதுங்கறாரு. அவங்களையே கேட்டுப் பாத்தேன். 'அத வுடு, மாத்திரை போட்டியா'ன்னாங்க. அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

சுற்றிலும் நம் ஆசிரியைகள் நான்கைந்து பேர் நின்றார்கள். "இப்ப வேணாம்மா, அப்புறம் சொல்றேன்" என்றேன். அவள், "சரிங்க மதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அறுபத்தெட்டு வயதில், அந்த வீட்டு வாசலில், நான் இரண்டாவது முறையாக அதையே செய்தேன்.

அவளுக்கு என் பதில் இதுதான். சொன்னார். ஜூலை மாதமே சொன்னார். கேட்க வேண்டியவள் நான், கேட்கவில்லை.

கஸ்தூரியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கிழித்த தாளைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. சாவி கொடுக்க வந்த அன்று வாசலில் நின்று, அந்தப் பிள்ளைக்காக அவர் என்னைக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை நான் செய்யவில்லை. செய்தவர் அவர்.

பள்ளி நிர்வாகத்துக்கு: இதன் படி ஒன்றைக் கையெழுத்திட்டுத் தனியே அனுப்பியிருக்கிறேன். கஸ்தூரியின் பணிக் கோப்பில் இருக்கும் என் அறிக்கை பொய்யானது. அதை அந்த அறிக்கையின் மேலேயே குறித்து வையுங்கள். லாஸ்பேட்டையில் இருக்கும் அந்தத் தந்தைக்கு, கஸ்தூரி உரிய நேரத்தில் தெரிவித்தார் என்று பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். நானும் நேரில் போய்ச் சொல்வேன், ஆனால் அவருக்குப் பள்ளியின் கடிதமும் வேண்டும். இவற்றைச் செய்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.