தம்பியின் ஈரிழைத் துண்டு

தம்பி வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்தான். திருவனந்தபுரத்தில் இறக்கி, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றியிருக்கிறது, குளிப்பாட்ட வேண்டாம், முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள் என்றார் வண்டியில் கூட வந்தவர். அம்மா கேட்கவில்லை. எங்கள் பக்கம் நீர்மாலை எடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. மேலே வெள்ளைத் துணி பிடித்து, சிற்றாற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவனுக்கு ஊற்றினார்கள். குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் தோளில் கிடக்கும் ஈரிழைத் துண்டால் அம்மா அவன் முகத்தைத் துடைத்தாள். எல்லோருக்கும் கண் எரிந்தது. அழுகையாலா, மருந்தாலா என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்தத் துண்டை அம்மா துவைக்கவே இல்லை. நிழலில் உலர்த்தி பீரோவில் வைத்துக்கொண்டாள். தினமும் விளக்கேற்றிய பிறகு அதை எடுத்து முகத்தில் அழுத்திக்கொள்வாள். பிறகு இருமுவாள்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். ஃபார்மலின் பாட்டிலைத் திறக்குமுன் ஜன்னலைத் திற என்று பிள்ளைகளை விரட்டுகிறவள். வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"எம்மா, அது அவன் வாசம் இல்ல. மருந்து. நெஞ்சக் கெடுத்துரும், குடுத்துரு."

"சும்மா கெடட்டி. எம்புள்ள வாசம் எனக்குத் தெரியாதா?"

பெத்த மனம் பித்து, விட்ரு என்றாள் பெரியம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது. பித்து என்று சொன்னால் மருந்து நுரையீரலை விட்டுவிடுமா?

அடுத்த வருஷத்துச் சாரல் காலமும் வந்துவிட்டது. அம்மாவின் இருமல் நிற்கவில்லை. ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது துண்டின் ஓரத்தில் சில நூல்களை உருவிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

ஆய்வகக் குளிர்பெட்டியில் ஷிஃப் கரைசல் இருந்தது. ஆல்டிஹைடு இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் கரைசல் அது. தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும்; ஆல்டிஹைடு பட்டால் வாடாமல்லி நிறத்துக்கு மாறும். ஃபார்மலினில் இருப்பதும் ஆல்டிஹைடுதான். கரைசல் நன்றாக இருக்கிறதா என்று முதலில் ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டுப் பார்த்தேன். உடனே நிறம் ஏறியது. பிறகு, இன்னொரு குழாயில் நூல் ஊறிய தண்ணீரை விட்டேன்.

மாறவில்லை. மறுபடியும் செய்தேன். அப்போதும் மாறவில்லை.

நிறம் மாறினால் துண்டைப் பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். மாறவில்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். நானோ மாறு, மாறு என்று குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் உடம்பிலிருந்து அந்தத் துண்டுக்கு வந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த மருந்து ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. அவன் பெட்டியில் வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்து, "எம்மா, துண்டுல மருந்து இல்ல. சோதிச்சுப் பாத்துட்டேன். நீயே வச்சுக்கோ. இருமலுக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

"நெசமாவா? பூராப் போயிட்டா?"

"பூராப் போயிட்டும்மா."

அம்மா பீரோவைத் திறந்து துண்டை எடுத்து மெதுவாக மோந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"அப்போ இனி இதுல இருக்குறது எம்புள்ள மட்டுந்தான். இந்தா, நீயும் மோந்து பாரு."

வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.