வாங்கிய பெட்டிக்குள் யாருடைய விளையாட்டு?

சித்திரை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள். கதவைத் திறந்து ஜன்னலைத் தள்ளுவதற்குள் சுகந்தி வந்துவிட்டார். கையில் ஒரு துவாய் மூட்டை. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

மேசையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே ஒரு பச்சை நிறப் பலகை. ஒரு முழ அகலம். அதன்மேல் கறுப்புக் கறுப்பாகச் சிப்புகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் நிற்பதுபோல வரிசையாக.

"இதுக்கு ஒரு லெட்டர் எழுதணும் அக்கா. இங்கிலீஸ்ல."

பலகைக்குக் கடிதமா?

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும் — நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பதுளை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், விவாகரத்துத் தீர்ப்பு... என் உலகம் அவ்வளவுதான். மின்சாரச் சாமான்களோடு எனக்குள்ள உறவு பிளக்கைச் சொருகுவதோடு முடிந்துவிடும்.

சுகந்தி நேர் எதிர். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். வயது முப்பத்தெட்டு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் டிவி, அம்ப்ளிபயர் திருத்தும் கடை வைத்திருக்கிறார். புதிதாக வருகிற ஆண்கள் எட்டிப் பார்த்து "பாஸ் எங்க?" என்று கேட்பார்கள். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமல் "சொல்லுங்க" என்பார். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பலகையின் சொந்தக்காரர் பாரூக் நானா. ரயில் நிலையத்துக்கு எதிரே கூல் ஸ்பொட், அதாவது குளிர்பானக் கடை, நடத்துகிறவர். பண்டாரவளையில் ஒரு பழைய ஹோட்டலை மூடியபோது, கதிரை மேசைகளோடு இரண்டு வீடியோ கேம் பெட்டிகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆள் உயரப் பெட்டி. முன்னால் திரை, ஒரு பிடி, இரண்டு பொத்தான். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் ஆடட்டுமே என்று நினைத்தார்.

ஆடினார்கள்தான். ஆனால் இரண்டு பெட்டியிலும் ஒரே விளையாட்டு. விண்கலங்கள் இறங்கி வரும், சுட வேண்டும். நாலு தடவை சுட்டவர்கள் ஐந்தாம் தடவை போனைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நானா சுகந்தியிடம் கேட்டார். "தங்கச்சி, ஒரு பெட்டிக்குள்ள ஏழெட்டு கேம் போட ஏலுமா?"

ஏலும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சுகந்தி பலகையில் விரல் வைத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஒரே மாதிரிப் பலகையைச் செய்து, அதிலேயே பல விளையாட்டுகளைப் போட்டு விற்றனவாம். விளையாட்டு இருப்பது பலகையில் சொருகியிருக்கும் சில சிப்புகளில் மட்டும். சிப்பை மாற்றினால் விளையாட்டு மாறிவிடும். அப்படியானால், எல்லா விளையாட்டையும் ஒரே பெரிய சிப்பில் அடக்கி, ஒரு குட்டிப் பலகையில் வைத்து, அதைப் பழைய பலகையின்மேல் சொருகிவிட்டால்? திரையில் ஒரு பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். வெளிநாட்டில் பழைய பெட்டி சேகரிப்பவர்கள் இதற்கென்றே 'கிட்' செய்கிறார்களாம்.

"ஒரே அடுப்புதான் அக்கா. சட்டிய மட்டும் மாத்தி மாத்தி வைக்கிறோம்."

எனக்குக்கூடப் புரிந்துவிட்டது.

ஆனால் சட்டி மாற்றுவது அவ்வளவு சுலபமும் இல்லை. அதே கம்பெனியின் வேறு ஆறு விளையாட்டுகள் இன்டர்நெட்டில் கிடந்தன. சோதித்துப் பார்க்க அவற்றை இறக்கினார். ஒரு மாதம் கடை வேலைக்கு நடுவே குட்டிப் பலகையைச் செய்தார். நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டைப் போட்டால் கடல் ரோஸ் நிறத்தில் வந்தது. நிறங்களுக்கென்று பலகையில் இன்னொரு தனிச் சிப்பு இருக்கிறது. அதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று பிடிபட ஒரு வாரம். இன்னொரு விளையாட்டுக்கு மூன்று பொத்தான் வேண்டும், பெட்டியில் இருப்பதோ இரண்டு. எப்படியோ... ஏழும் ஓடின.

"அப்ப வேலை முடிஞ்சுதே. லெட்டர் எதுக்கு?" என்றேன்.

சுகந்தி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு பழைய கதையைச் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவர் ஒரு சின்னப் பெட்டி செய்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் மின்சாரம் இறங்கிவிடும். டிவியில் படம் சுருங்கும். அதைச் சரிசெய்யும் பெட்டி. அவரே யோசித்து, அவரே சுற்று வரைந்து செய்தது. தோட்டங்களில் நன்றாகப் போனது. ஒரு வருடத்தில் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் ஒன்றை வாங்கி, பிரித்துப் பார்த்து, அப்படியே செய்து, தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்க ஆரம்பித்தார்.

"நேர்ல போய்க் கேட்டேன் அக்கா. 'காசு குடுத்துத்தானே வாங்கினேன், பெட்டி எனக்குன்னா உள்ள இருக்கறதும் எனக்குத்தானே'ன்னு சொன்னாரு. பஸ் ஏறி வந்துட்டேன்."

பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார். "இப்ப நானும் அதையேதானே செய்றேன். யாரோ யோசிச்சு எழுதுனது இது. அவங்களக் கேக்காமப் போட்டா, அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

நான் பேனாவை எடுத்தேன்.

எழுதுவதற்கு முன் நீதிமன்றக் கன்டீனில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார் — பொருளை வாங்கியவர் பொருளுக்குத்தான் சொந்தக்காரர், பிரதி எடுக்கும் உரிமை வேறு ஆளிடம் இருக்கும். புத்தகம் வாங்குகிறோம். அதற்காக அச்சடித்து விற்கலாமா?

சரி. அந்த வேறு ஆள் யார்?

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. பலகையில் பொறித்திருந்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் சொத்துக்களை இன்னொரு கம்பெனி வாங்கியது. அதை மூன்றாவது ஒன்று விழுங்கியது. முதலில் எழுதிய முகவரியிலிருந்து பதிலே இல்லை. இரண்டாவது இடத்திலிருந்து ஒரு வரி வந்தது: எங்களிடம் பெயர் மட்டும்தான் இருக்கிறது, விளையாட்டுகள் இல்லை. காணி வழக்குகளில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். உறுதி ஒருவரிடம், வேலி ஒருவரிடம், வரி கட்டுவது மூன்றாவது ஆள். ஆனால் திரையில் பறக்கும் விண்கலத்துக்கும் இப்படி ஒரு வம்சாவளி இருக்கும் என்று யார் கண்டார்?

மூன்றாவது கடிதத்துக்கு முறையான பதில் வந்தது. ஏழில் நாலு எங்களுடையவை. மற்ற மூன்றையும் பழைய கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் வேறு யாரிடமோ குத்தகைக்கு எடுத்திருந்தார்கள், அது யாரென்று எங்களுக்கும் தெரியாது. நாலுக்கு உரிமம் தரலாம். ஆனால் ஆயிரம் பெட்டிகளுக்குக் குறைவாகத் தருவதில்லை.

சுகந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆயிரமா? பதுளையில ஆயிரம் பெட்டி வச்சா பஸ் நிக்க எடம் இருக்காது அக்கா."

இதற்கிடையில் பாரூக் நானா பொறுமை இழந்துவிட்டார். ஒருநாள் சுகந்தியின் கடையில் நான் இருந்தபோது ஒரு பார்சலோடு வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ரெடிமேட் பலகை. பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் அறுபது விளையாட்டு.

"அறுபது ஈக்குது தங்கச்சி. நீங்க ஏழுக்கு லெட்டர் எழுதிட்டு ஈக்கிறீங்க."

"அதுல ஒண்ணுக்காவது யார்கிட்டயாவது கேட்டிருப்பாங்களா நானா?"

"ஊர் ஒலகமெல்லாம் போடுறாங்க. நம்மகிட்ட வந்து யார் கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் நாமளே கேட்டுருவோம்னு சொல்றேன். ஒரு மாசம் குடுங்க."

நானா கெட்டவர் இல்லை. கடையில் கூட்டம் வேண்டும் என்று நினைப்பது குற்றமா? பார்சலை அங்கேயே வைத்துவிட்டு, "ஒரு மாசம்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் நாலாவது கடிதத்தை அதே மூன்றாவது கம்பெனிக்கு எழுதினேன். சட்ட மொழியை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி. இது ஒரு மலை நாட்டுப் பட்டணம், ரயில் பாதை இங்கே முடிகிறது, இரண்டே பெட்டிகள், ஒரு பெண் தொழில்நுட்பவியலாளர் கேட்கிறார்... பலகையின் படத்தையும் இணைத்தேன்.

பத்தாம் நாள் பதில். இந்தத் தடவை உரிமப் பிரிவிலிருந்து இல்லை, அவர்களுடைய பொறியியலாளர் ஒருவரிடமிருந்து. படத்தில் ஒரு சிப்பின் ஸ்டிக்கரில் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினோம். மறுநாளே அடுத்த பதில் வந்தது. நான் இரண்டு தடவை வாசித்தேன்.

அந்த விண்கல விளையாட்டின் முதல் பதிப்பு அதுவாம். சில பெட்டிகளில் மட்டும் வந்து, பிறகு திருத்தப்பட்டுவிட்டது. அந்த முதல் பதிப்பு இப்போது அவர்களிடமே இல்லை. நெட்டிலும் இல்லை. சிப்பில் இருப்பதை வாசித்து ஒரு பிரதி அனுப்ப முடியுமா?

யோசித்துப் பாருங்கள். உரிமை உள்ளவரிடம் பொருள் இல்லை. பொருள் உள்ளவரிடம் உரிமை இல்லை. நடுவில் நான், ஒரு பேனாவோடு.

சுகந்தி முன்பு குட்டிப் பலகைக்குப் பிரதி எடுத்திருந்தது மற்றப் பெட்டியிலிருந்த திருத்திய பதிப்பைத்தான். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கவலைதான். இந்த வகைச் சிப்புகளின் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. ஸ்டிக்கர் உரிந்து வெயில் படப் பட, உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகுமாம். ஹோட்டல் வராந்தாவில் எத்தனை வருடம் கிடந்ததோ. அந்தச் சிப்பின் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

அன்று பகல் கடைக் கதவைச் சாத்திவிட்டு, சிப்பைக் கருவியில் பொருத்தி வாசிக்க உட்கார்ந்தார். நானும் ஒரு ஸ்டூலில். முதல் தடவை வாசித்ததும் இரண்டாம் தடவை வாசித்ததும் ஒத்துப்போகவில்லை. ஓர் இடத்தில் வேறுபட்டது. மூன்றாம் தடவை இரண்டு இடம்.

"மறந்துக்கிட்டு வருது அக்கா." குரல் இறங்கியிருந்தது.

நான் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதயத் துடிப்புக் காட்டும் திரையைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர் எழுந்து தண்ணீர் குடித்தார். யோசித்தார். பிறகு சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"கூட்டணும்தானே?" என்றேன், ஏதோ தெரிந்தவள்போல.

"இல்லக்கா. இதுக்குக் கொறைச்சாத்தான் ஞாபகம் வரும்."

மறுபடி வாசித்தார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்றும் ஒன்றாக வந்தன. இனி வெளிச்சம் படாதபடி சுகந்தி அந்தச் சிப்பின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

பிரதி போனது. இரண்டு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. நாலு விளையாட்டுகள். இரண்டு பெட்டிகள். அந்த ஒரு கடையில் மட்டும். கிட் செய்து வேறு யாருக்கும் விற்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் திரையில் கம்பெனி பெயர் வர வேண்டும். அதோடு, முதல் பதிப்பைக் காப்பாற்றியவர் என்று தங்கள் பதிவேட்டில் சுகந்தியின் பெயரை எழுதியிருப்பதாக ஒரு வரி.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. எல்ல ஊர்ப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் ஐந்து கிட் கேட்டிருந்தார். சுகந்தி இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. உரிமையாளர் தெரியாத மூன்று விளையாட்டுகளையும் எடுக்க வேண்டியிருந்தது. அதில் நீர்மூழ்கியும் ஒன்று. கடலை ரோஸிலிருந்து நீலமாக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அழிப்பதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

"நல்லா ஓடிச்சு அக்கா இது," என்றார். பிறகு அழித்தார்.

நானாவுக்கு நாலு விளையாட்டு என்பது குறைச்சல்தான். ஆனால் அனுமதிக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்க்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். இருபது வருடத்தில் எவ்வளவோ பத்திரங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். விண்கலங்களைச் சுடுவதற்கான அனுமதிக்கு இதுதான் முதல் தடவை. ஆங்கில மூலத்தோடு மூன்றையும் பிரேம் போட்டு, வியாபாரப் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் அவரே காட்டுகிறார்: "இந்தப் பக்கத்துல லைசன்ஸ் உள்ள கேம் நம்மட்ட மட்டும்தான் ஈக்கு." அறுபது விளையாட்டுப் பலகை பிரிக்கப்படாமல் சுகந்தியின் அலுமாரியில் இருக்கிறது.

போன சனிக்கிழமை நானும் போனேன். ஒரு லைம் ஜூஸ் குடித்தேன். பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, பிடியைப் பிடித்தேன்.

இரண்டு நிமிடத்தில் செத்துப்போனேன் — முழு அனுமதியோடு.