நகர மண்டபத்துக்கு ஒரு நடை

கட்டடம் சுற்றிக் காட்டும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கும் யாருக்கும் இது புரியும். ஆவடி, அம்பத்தூர் பக்கத்து ஆட்களை ரயிலில் கூட்டிப்போய், மாநகராட்சி ஆபீஸ் இயங்கும் பழைய நகர மண்டபத்தைக் காட்டுவது என் வேலை.

ஒட்டடை

பெரிய கூடத்தில் நின்று, கூரையை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள், வெப்பக் காற்று எப்படி மேலே போய்விடுகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்பத்தூர் அம்மா ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி சார், அவ்ளோ ஒசரத்துல ஒட்டடை யாரு அடிப்பாங்க?"

ஒரு ஆள் குறைச்சல்

உள்ளே போனது இருபது பேர், வெளியே வந்தது பத்தொன்பது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பதறிப்போய்த் தேடினால், குழுவில் வந்த கோவில்பதாகை ஆட்டோக்காரர் மாடிப்படிக்குக் கீழே கல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"நீ பேசிகினே இரு அண்ணாத்தே, இங்க காத்து சூப்பரா வருது."

பிளாஸ்டிக் கவர்

வெள்ளானூர் மல்லிகா வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார். வழி நெடுக ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தார். மாடியில் மெதுவாகக் கேட்டார்: "ஆபீசு எந்தாண்ட கீது நைனா?" மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. ஆனால் கவருக்குள் வைத்திருந்த அவள் பிறப்புச் சான்றிதழில் 'ஆண்' என்று இருந்தது. இந்தப் பெரிய ஆபீஸில்தான் திருத்துவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

குழுவை விட்டு நான் நகரக் கூடாது. காவலாளியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரை அழைத்துப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "வெள்ளானூர் எங்க எல்லையில வராதும்மா" என்றவர், எங்கே போக வேண்டும், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் மல்லிகா அந்தத் தாளையும் கவருக்குள் வைத்து அணைத்துக்கொண்டார். கவரில் என்ன என்று வரும்போதே நான் அவரிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு உறுத்தியது. மறுநாள் குமாஸ்தா எழுதிக் கொடுத்த ஆபீஸுக்கு அவரோடு நானும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது.

"திருத்திக் குட்த்துட்டாங்க நைனா, பொண்ணு காலேஜ்ல சேந்துட்டா. அன்னிக்கு நான் ஒண்ணுமே பாக்கல, இன்னொரு வாட்டி இட்டுகினு போறியா?"

இத்தனை வருஷத்தில், நான் சொல்லும் வரலாற்றைக் கேட்கவென்றே கிளம்பி வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான், அதுவும் இரண்டாவது தடவையில்.