டாக்னி கூம்பை மறந்த கதை

கப்பல் வடங்களை இழுக்கும் விஞ்ச் எந்திரம் செய்யும் எங்கள் கடலோரத் தொழிற்சாலையில் டாக்னியின் சிவப்புப் பென்சிலுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. வரைபடங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. தலை வெட்டிய கூம்பும் பக்கத்தில் இரண்டு வட்டமும் சேர்ந்த சின்னம் தாளின் மூலையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தாளைக் கையால் தொடமாட்டாள். ஒரு பொருளின் இடப்பக்கத்தை நார்வேயில் நாங்கள் முன்பக்கப் படத்துக்கு வலதுபுறம் வரைவோம். அமெரிக்காவில் இடதுபுறமே வரைவார்கள். எந்த முறையில் வரைந்தது என்பதை அந்தக் கூம்புதான் சொல்லும்.

"கூம்பு எங்கப்பா? வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று அவள் விரட்டி விரட்டியே படம் வரையும் ஒஸ்முன்னுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அப்படிப்பட்டவள் காதலில் விழுந்தாளே, அதைச் சொல்லுங்கள்! ஆளும் யார்? அமெரிக்கக் கப்பல் பட்டறைகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சின்ட்ரெ. ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றுகொண்டே எந்த முறை உசத்தி என்று சண்டை போட்டார்கள், போட்டார்கள், கடைசியில் கல்யாணம் என்றார்கள்.

"சமையலறை மூலையில எனக்கு ஒரு பெஞ்சு வேணும். அது உக்காந்த மறுநாளே தேதி வைப்போம்" என்றாள் டாக்னி.

பாடிக்கொண்டே படத்தை வரைந்தாள். நீளப் பெஞ்சு, உள்ளே விறகு போட இடம், இடது முனையில் குட்டிக் கதவு. வலது முனை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சின்ட்ரெ குளிர்காலம் முழுக்க பிர்ச் மரத்தை இழைத்து இழைத்துச் செய்தான்.

அவனும் ஒஸ்முன்னும் மூச்சு வாங்கத் தூக்கிவந்து மூலையில் இறக்கினார்கள். கதவு எங்கே? சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது!

"என்ன சின்ட்ரெ இது! விறகை சுவரைத் தொளைச்சா எடுக்கிறது?"

"நீ வரைஞ்சபடிதானே செஞ்சேன்! கதவை வலதுபக்கம்தானே போட்டிருந்தே?"

டாக்னி அவன் பையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். மூலையைப் பார்த்தாள். கூம்பு இல்லை. இடது முனையை அவள் நார்வே முறையில் வலதுபுறம் வரைந்திருந்தாள், அவன் அதை அமெரிக்க முறையில் படித்துவிட்டான். சின்ட்ரெ பெஞ்சின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்துவிட்டான், பாவம். 'நார்வேயில நார்வே முறைதான்னு தெரியாதா?' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்னமும் இழைப்புத் தூள் ஒட்டியிருந்த அவன் புருவத்தைப் பார்த்தாள்.

சிவப்புப் பென்சிலை எடுத்து, 'சின்னம் இல்லை. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கூம்பு எங்கம்மா? ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றான் ஒஸ்முன். எத்தனை காலம் காத்திருந்தானோ!

"வாயை மூடிட்டு எதிர் மூலையில இருக்கற அந்த அடுப்பைப் பிடி. அதை இந்த மூலைக்குத் தள்ளு, பெஞ்சு அந்த மூலைக்குப் போகட்டும்."

மூவரும் கரி பூசிக்கொண்டு அடுப்பை நகர்த்தினார்கள். பெஞ்சு எதிர் மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கதவும் திறந்தது.

மறுநாளே தேதி வைத்தார்கள். கல்யாணத்தன்று தேவாலயத்தில் தொழிற்சாலையே கூடியிருந்தது. மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. டாக்னி எங்கள் வழக்கப்படி வலது கையை நீட்டினாள். சின்ட்ரெ பதற்றத்தில் அமெரிக்க வழக்கப்படி அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தான். போதகர் விழித்தார். பின்வரிசையிலிருந்து ஒஸ்முன்னின் குரல் கேட்டது.

"டாக்னி, எந்த முறைன்னு குறிப்பு போடலையா?"

தேவாலயமே சிரிப்பில் குலுங்கியது. சின்ட்ரெவின் முகம் சிவந்துவிட்டது. டாக்னி வலது கையை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கை விரல்களை விரித்தாள்.

"போடுடா. இதுக்கு நான் திருத்தம் போடமாட்டேன்."